பத்தியம் எடுக்க ஒரு குரல்

நீங்க எழுந்திருக்க வேண்டாம் ஐயா, உட்காருங்க. கேட் இன்னும் திறக்கவில்லை. "பார்க்க வந்தவங்கல்லாம் வரிசையா வாங்க, பையத் தொறந்து காட்டுங்க" என்று கூப்பிட்டது காவல்காரர் இல்லை, நான்தான். அதோ பாருங்க, பாதிப் பேர் எழுந்து சேலையை உதறிக்கொண்டு நிற்கிறார்கள். காவல்காரரே ஒரு நொடி திரும்பிப் பார்த்தார், நாம் எப்போது வாயைத் திறந்தோம் என்று. கோபிக்காதீங்க. ஒன்பது நாளாக இந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, அவர் குரல் என் தொண்டையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. மூக்கு பாதி, வெற்றிலை பாதி. அவ்வளவுதான் சூத்திரம்.

பன்னிரண்டு மணிக்குத்தான் விடுவார்கள். இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. உங்களுக்கு உள்ளே யாரு? மருமகளா? பேத்தி பிறந்திருக்கிறாளா, சந்தோஷம். எனக்கு அம்மா. பெண்கள் வார்டு, பதினோராவது கட்டில், பெயர் சீனியம்மா. நான் வனராசு. பன்னிரண்டாவது முடித்துவிட்டேன். சாத்தூர்ப் பக்கம். அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டிக்குள் குச்சி அடைக்கிற வேலை. அப்பா கேரளாவில் பரோட்டா மாஸ்டர், ஞாயிறு தவறாமல் போன் பண்ணுவார்.

அம்மாவுக்கு என்ன என்று கேட்கப் போறீங்க. ரத்தம். இந்த இடம் என்று கிடையாது. பல் ஈறிலிருந்து வரும், மூக்கிலிருந்து வரும், தோலுக்கு அடியில் தானாகப் பரவும். கொசுவை அடித்தால் கொசு தப்பித்துவிடும், அம்மா கால் நீலமாகிவிடும். ஒரு முழங்கால் பனங்காய் கணக்காக வீங்கியிருக்கிறது, உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறதாம். சேர்த்த அன்றைக்கே ஒரு நர்சம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் யார் அடிப்பது, அப்பாவா நீயா என்று விசாரித்தார். என்னைப் பார்த்தால் பெற்றவளை அடிக்கிற ஆள் மாதிரியா இருக்கிறது? என் விரல்கூட அவள் மேல் பட்டதில்லை ஐயா. இந்த மரத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ணுவேன்.

நாலு நாள் ரத்தம் எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். டெங்கு இல்லை. ரத்தப் புற்று இல்லை. ஈரல் நன்றாக இருக்கிறது. உடம்பில் ரத்தம் பாதிக்கும் கீழே போய்விட்டது என்று ரெண்டு பாட்டில் ஏற்றினார்கள். ஏற்றினது ஏற்றினபடி கசிகிறது. ஐந்தாம் நாள் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு, பேசும்போது ஒவ்வொரு வார்த்தையையும் கத்தரிக்கோலால் நறுக்குகிற மாதிரி பேசுவார். அவர் அம்மாவின் கால் முடியைக் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு முடியும் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு, அடியில் ஒரு சிவப்புப் புள்ளி. பார்த்துவிட்டு, அதுவரை ஒருத்தரும் கேட்காததைக் கேட்டார். என்னம்மா சாப்பிடுறீங்க?

அம்மா பெருமையாகச் சொன்னாள். பச்சரிசிக் கஞ்சி, காய்ச்சின பால், பாசிப்பருப்பு, வறுத்த உப்பு. பழம்? இல்லை. காய்? இல்லை. கீரை, தக்காளி, எலுமிச்சை? அம்மா காதைப் பொத்தாத குறை. எத்தனை நாளாக என்று டாக்டரம்மா கேட்க, எட்டு மாசம் ஆச்சு, ஒருநாள் தவறினதில்லை என்றாள்.

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டார். உடம்பில் வைட்டமின் சி என்பது சுத்தமாக இல்லை என்றார். ரத்தக்குழாயின் சுவர் பிரிந்துபோகாமல் பிடித்து வைப்பதற்கு அது வேண்டுமாம். அது இல்லாவிட்டால் குழாய் தானாகவே கசியும், பழைய புண்கூட வாய் திறக்கும். அந்தக் காலத்தில் மாசக்கணக்காகக் கடலிலேயே கிடந்த கப்பல்காரர்களுக்கு வருகிற நோய் என்று கூட நின்ற படிக்கிற டாக்டர்களுக்குச் சொன்னார். எங்க ஊர்க் கண்மாயில் தண்ணீர் நின்று மூன்று வருஷம் ஆகிறது, அங்கே எந்தக் கப்பல் வந்தது என்று அவர் குரலிலேயே நறுக்கி நறுக்கிக் கேட்டேன். வார்டே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். அப்போது நான் பயப்படவில்லை ஐயா. ஏனென்றால் மருந்து என்ன என்று சொன்னார் தெரியுமா? நெல்லிக்காய். கொய்யாப்பழம். எலுமிச்சைச் சாறு. கூட ஒரு மாத்திரை. ரெண்டு மூன்று நாளில் ஈறு ரத்தம் நிற்கும், ரெண்டு மூன்று வாரத்தில் நடமாடுவார்கள் என்றார். எடுத்துக்கொள்ளாவிட்டால் என்று கேட்டேன். அப்போது அவர் நறுக்காமல் மெதுவாகத்தான் சொன்னார், மூளைக்குள் கசிந்தால் நம்ம கையில் ஒன்றும் இல்லை என்று.

அம்மா சாப்பிட மாட்டேன் என்கிறாள். அதுதான் சங்கதி.

பிடிவாதக்காரி என்று நினைக்காதீங்க. காரணம் இருக்கிறது. கேளுங்க, நேரம் இருக்கிறதே.

போன தை மாசம் அம்மாவுக்குக் கை ரெண்டிலும் கரப்பான். விரலிடுக்கு வெடித்து நீர் வடியும். அந்தக் கையோடு ஆபீஸில் உட்கார விடவில்லை. எங்க ஊரிலிருந்து ஒரு மணி நேர பஸ்ஸில் மாசான வைத்தியர் என்று ஒருவர் இருந்தார். ஒரு சூரணம், ஒரு எண்ணெய், நாற்பத்தெட்டு நாள் பத்தியம். புளி கூடாது, காய் கூடாது, கீரை மருந்தை முறிக்கும், பழம் கரப்பானைக் கிளப்பும். நாற்பத்தெட்டு கழிந்ததும் வா, எடுத்துவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினார். எங்க பக்கத்து வழக்கம் அது. பத்தியத்தைப் போட்ட வாயேதான் எடுக்க வேண்டும். நாமாக விட்டால் மருந்து திரும்பிக்கொண்டு நோயை ரெட்டிப்பாகக் கொண்டுவரும். வைத்தியர் எடுத்தேன் என்று சொல்ல வேண்டும், அன்றைக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிக்க வேண்டும், கத்தரிக்காய் போட்டுப் புளிக்குழம்பு வைத்துத் தின்ன வேண்டும். அப்போதுதான் முடிந்தது என்று அர்த்தம்.

கை ஆறிவிட்டது. அதில் அந்த மனுஷரைக் குறை சொல்ல முடியாது. நாற்பது நாளில் அம்மா கையை வெயிலில் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ கொடுத்த புதுக் கை மாதிரி.

வைத்தியர் குரல் இருக்கிறதே, அது ஒரு விருந்து. நெஞ்சுக்கூட்டின் அடியிலிருந்து காற்று கிளம்பும். ரெண்டு வார்த்தைக்கு நடுவில் ஒரு "ம்ம்" போடுவார். "தாயீ" என்று இழுப்பார் பாருங்க, அந்த இழுப்பிலேயே மூச்சு வாங்கிக்கொள்வார். ஒரே ஒரு தடவைதான் அம்மாவோடு போனேன். திரும்பி வருகிற பஸ்ஸிலேயே பிடித்துவிட்டேன்.

நான் யாரையும் விட்டுவைத்ததில்லை. தலைமையாசிரியர் குரலில் பள்ளிக்கூடத்து மைக்கில் அரை நாள் விடுமுறை விட்டிருக்கிறேன், எண்ணூறு பேர் வீட்டுக்குப் போனார்கள். ரேஷன் கடைக்காரர் குரலில் பாமாயில் வந்தாச்சு என்று சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கத்தி, ஒரு தெருவையே ஓட வைத்திருக்கிறேன். பொய் சொல்கிற பழக்கம் மட்டும் எனக்குக் கிடையாது. குரலைத்தான் மாற்றுவேன்.

நாற்பத்தாறாம் நாள். டீக்கடையில் நானும் என் கூட்டாளி சேதுவும். அவனிடம் உபரியாக ஒரு சிம் இருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். "தாயீ... ம்ம்... மாசானம் பேசுதேன். இது புது நம்பரு. வெயில்ல அலைஞ்சு வராத. மறுபத்தியம் இருந்துரு. நாஞ் சொல்லுத வரைக்கும் ஒண்ணையும் தொடாத." மறுபத்தியம் நான் இட்டுக்கட்டினது இல்லை, ஒரு பத்தியம் முடிந்ததும் அதே போல இன்னொரு சுற்று இருக்கச் சொல்வது உள்ளதுதான். அம்மா சரிங்க சாமி, சரிங்க சாமி என்றாள். உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றிருப்பாள், எனக்குத் தெரியும். சேது சிரித்த சிரிப்பில் டீயைச் சட்டையிலேயே ஊற்றிக்கொண்டான்.

சாயங்காலம் சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்குப் போனேன். போனால் அம்மா முகம் கழுவிப் பொட்டு வைத்து வாசலில் நிற்கிறாள். அத்தனை பேரு போறாக, வாராக, எனக்குக் கூப்பிட்டிருக்காருடா என்றாள். பக்கத்து வீடு, எதிர் வீடு, தண்ணீர்க் குழாயடி எல்லா இடத்திலும் சொல்லியாகிவிட்டது. அதற்கு மேல் நான் என்ன செய்ய, நீங்களே சொல்லுங்க.

மொத்தம் மூணே மூணு தடவைதான் கூப்பிட்டேன்.

ரெண்டாவது தடவை சேது கிடையாது. அவன் ஊருக்குப் போயிருந்தான், சிம் என்னிடம் இருந்தது. சும்மா, பொழுது போகவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். அம்மா பேச ஆரம்பித்துவிட்டாள் ஐயா. வீட்டில் என்னோடு அவளுக்கு மூன்று பேச்சுதான் உண்டு. எங்க போன, சோத்தத் தின்னு, ஊர் வம்ப இழுத்துட்டு வராத. வைத்தியரோடு முக்கால் மணி நேரம். ஆறாம் வகுப்பில் பாட்டுப் போட்டியில் அவள் ஜெயித்து ஒரு சோப்பு டப்பா வாங்கியது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எம் பயலுக்கும் நல்ல தொண்டை சாமி, எங்கிட்ட இருந்துதான் போயிருக்கும், அவங்கிட்ட சொன்னா தலைக்கனம் ஏறிரும்னு சொல்லல என்றாள். நான் "ம்ம்" என்றேன். வைத்தியருடைய ம்ம்.

எல்லாப் பேச்சும் முடிந்து கடைசியில் கேட்பாள், பத்தியம் எப்பச் சாமி விடலாம் என்று. விட்டுரு என்று சொல்லியிருக்கலாம்தான். சொல்லிவிட்டால் அப்புறம் எதற்குக் கூப்பிடுவது? நோய் போன வீட்டுக்கு வைத்தியர் ஏன் போன் போடுகிறார் என்று சந்தேகம் வராதா? அதனால் இன்னும் கொஞ்ச நாள் தாயி, இன்னும் கொஞ்ச நாள் என்று சொல்லி வைப்பேன். வெறும் விளையாட்டுதான், வேறு ஒன்றும் இல்லை. அப்படியே பத்துப் பன்னிரண்டு தடவை ஆகிவிட்டது.

மூணு என்றா சொன்னேன்? அது ஆரம்பத்தில்.

அடுத்ததைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. வைகாசி மாசம் ஒருநாள் அம்மா வைத்தியரிடம் சொன்னாள், பல் விளக்கினால் ரத்தம் வருகிறது, காலில் அங்கங்கே நீலமாகக் கிடக்கிறது என்று. எனக்கு என்ன தெரியும்? செங்கல் பொடி போட்டுத் தேய்த்தால் ஈறு கிழியத்தானே செய்யும். ஆனால் வைத்தியர் தெரியாது என்று சொல்வாரா? "கெட்ட ரத்தம் வெளியேறுது தாயீ. நல்லதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன். கேட்பதற்கு நன்றாக இருக்கிறதா இல்லையா? எனக்கே பிடித்துப்போய் சேதுவிடம் சொல்லிக் காட்டினேன். அதற்கப்புறம் ரத்தம் வந்தால் அம்மாவுக்கு ஒரு திருப்தி. கொப்பளித்துத் துப்பிவிட்டு, அந்தச் சிவப்பைக் குனிந்து பார்த்து, போகட்டும், எல்லாம் போகட்டும் என்பாள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று ஞாபகம் இல்லை. ஆனி மாசம் அவள் படியேற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அப்போதாக இருக்கலாம்.

அப்போதே எடுத்திருக்கலாம்தான். ஆடி கழியட்டும், நல்ல நாள் பார்த்து எடுத்துவிடுகிறேன் என்று வைத்தியராகச் சொல்லியும் வைத்திருந்தேன். ஆடியில் வைத்தியர் செத்துப்போனார்.

நிஜ வைத்தியர். சாவதற்கு முன்னால் பத்து நாள் வாதம் அடித்து, பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாராம். எனக்கு அது தெரியாதே. அந்தப் பத்து நாளுக்குள் ஒரு வியாழக்கிழமை நான் கூப்பிட்டு இருபது நிமிஷம் பேசியிருக்கிறேன். துக்கத்துக்குப் போன இடத்தில் அம்மா, வெசாலக்கிழமை எங்கூடப் பேசினாரே என்று அழுதிருக்கிறாள். அந்த வீட்டுச் சனம் முதலில் முறைத்தது. அப்புறம் ஒரு பெரிய தலை எழுந்து, வாயடைத்துக் கிடந்தவர் இந்தப் பிள்ளையோடு மட்டும் பேசியிருக்கிறார் என்றால் அது லேசுப்பட்ட காரியம் இல்லை என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவுக்கு இடம் விட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எங்க தெருவில் ரெண்டு பேர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஒருத்தராவது எந்த நம்பரிலிருந்து வந்தது என்று போனை வாங்கிப் பார்க்க வேண்டாமா? நானாக இருந்தால் முதலில் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆக, போட்ட வாய் போய்விட்டது. பத்தியம் நிற்கிறது.

டாக்டரம்மா ஒரு மணி நேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தார். அம்மா மரியாதையாகக் கேட்டுவிட்டு, நீங்க நல்லாப் படிச்சவுக, ஆனா போட்டது நீங்க இல்லையே என்றாள். மாத்திரை கொடுத்தார்கள். வாயில் போட்ட உடனே புளித்திருக்கிறது, அது அப்படித்தான் இருக்குமாம், துப்பிவிட்டாள். சரி, ட்ரிப்பில் ஏற்றினார்கள். நல்ல மனசோடு ஒரு நர்சம்மா, ஒண்ணும் இல்லம்மா, எலுமிச்சம்பழத்தில் இருக்கிற சத்துதான் என்று சொல்லிவிட்டார். அம்மா குழாயைப் பிடுங்கிவிட்டாள். பிடுங்கின இடத்தில் ரத்தம் நிற்க ஒரு மணி நேரம் ஆனது. நினைவோடு இருக்கிறவர்கள் வேண்டாம் என்றால் குத்த முடியாது, எப்படியாவது வாயால் சாப்பிட வை என்று டாக்டரம்மா என்னிடம்தான் சொன்னார். என்னிடம். நானும் கஞ்சியில் நெல்லிக்காய்ச் சாற்றைக் கலந்து கொண்டுபோனேன். முதல் மடக்கிலேயே நாக்கு கண்டுபிடித்துவிட்டது. அதிலிருந்து என் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்குவதில்லை. பக்கத்துக் கட்டில் அம்மா கொடுக்கிற வெறும் கஞ்சிதான்.

நேற்று கேட் திறந்ததும் உள்ளே போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான்தான்மா, வைத்தியர் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை என்று. அம்மா என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை. என்னையத் திங்க வைக்க நீ என்ன வேணாலும் சொல்லுவ என்றாள். நிரூபித்துவிடலாம் என்று அந்தக் குரலை எடுத்தேன். என் ஆயுசில் எந்தக் குரலையும் அவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை ஐயா.

"தாயீ... ம்ம்... போதும். நான் போட்டத நானே எடுத்துட்டேன். வயிறாரத் தின்னு."

ஒன்பதாவது கட்டில் அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். எங்கம்மா கண்ணில் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, என்னவோ வந்து நின்றது. அப்புறம் அது போய்விட்டது. ஈறிலிருந்து வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"செத்தவர வச்சுமாடா வெளையாடுவ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையை நான் நடித்தே அவள் பார்த்திருக்கிறாள், அதனால் அதுவும் எடுபடவில்லை. அப்படியானால் இதைக் கேளு என்று, அவள் வைத்தியரிடம் மட்டும் சொன்ன ஒன்றைச் சொன்னேன். அப்பா போன் பண்ணி ஒன்றரை வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று அம்மா அப்பாவோடு சிரித்துச் சிரித்துப் பேசுவாளே, அது அணைத்து வைத்த போன். தெரு கேட்கட்டும் என்று பேசுவது. இத யார்கிட்டயும் சொன்னதில்ல சாமி என்று சொல்லியிருந்தாள். அதை நான் பதினைந்து கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். எனக்குத்தான் சின்னக் குரலில் பேச வராதே.

அம்மா கத்தவில்லை. ஒட்டுக் கேட்டியா என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். திரும்பும்போது கட்டில் கம்பியில் தோள் உரசியது. உரசின இடம் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமானது.

ராத்திரி முழுக்க யோசித்தேன். வைத்தியர் வீடு பூட்டிக் கிடக்கிறது, மகள் சூரத்தில் இருக்கிறாள், அவள் நம்பர் அடிக்கவே மாட்டேன் என்கிறது. ஆனால் டாக்டரம்மாவிடம் அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள். அவரு இல்லேன்னாலும் அவரு ரத்தத்தில யாராவது வந்து எடுத்தா மறுநிமிசம் திங்கேன் என்று. வைத்தியருக்கு ஒரு தம்பி உண்டு. சின்ன வயசிலேயே கோபித்துக்கொண்டு பழனிப் பக்கம் போனவர், துக்கத்துக்கும் வரவில்லை. அவர் முகம் எங்க ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது.

உங்களைக் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பார்த்துவிட்டேன் ஐயா. இந்த வெள்ளைத் தாடி, இந்தத் திருநீறு, தோளில் இந்தத் துணிப்பை. பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தது அதற்காகத்தான்.

தலையை ஆட்டாதீங்க. பொய் என்கிறீங்க. எது பொய்? பத்தியம் முடிந்துபோனது என்பது உண்மை. சாப்பிட்டால் பிழைப்பாள் என்பது உண்மை. ஆள் மட்டும்தான் வேறே. ஆமாம், அன்றைக்கும் ஆள் மட்டும்தான் வேறே, எனக்குத் தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய? என்னிடம் இருக்கிற குரலெல்லாம் அவளுக்கு என் குரலாகிவிட்டது. அவளுக்குத் தெரியாத குரல் ஒன்று வேண்டும், அது இப்போது உங்களிடம்தான் இருக்கிறது. உங்க மருமகளைப் பார்த்துவிட்டு வருகிற வழிதான் அந்த வார்டு. ரெண்டு நிமிஷம்.

மாற்றிப் பேச வேண்டாம். உங்க குரலிலேயே சொல்லுங்க. அண்ணன் போட்டத நான் எடுக்கேன்மா, இந்தா, முதல்ல இதக் குடி. அவ்வளவுதான். இன்னும் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும், மறந்துவிடாதீங்க. கெட்ட ரத்தமெல்லாம் போயாச்சு, இனிமே போறது நல்ல ரத்தம், அத நிறுத்தணும் என்று சொல்லுங்க. இல்லாவிட்டால் அவள் ரத்தத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவதை விட மாட்டாள். என் பேச்சையே எடுக்காதீங்க. பழனியில் மழையா என்று எதையாவது கேட்க ஆரம்பிப்பாள். கேட்டால் கொஞ்சம் நில்லுங்க. அவளுக்குப் பேச ஆள் வேண்டும்.

வாங்கிக்கொண்டீங்களே, போதும். இந்தத் தூக்கில் நெல்லிக்காயும் எலுமிச்சையும் பிழிந்தது இருக்கிறது. தம்ளர் உள்ளேயே இருக்கிறது, கழுவித்தான் வைத்திருக்கிறேன். நான் கூட வர முடியாது, என்னைப் பார்த்தால் முடிந்தது.

கேட் திறந்துவிட்டார்கள், போங்க. இந்தத் தடவை கூப்பிட்டது காவல்காரரேதான்.

குடித்துவிட்டாள் என்றால் இந்த வழியாகவே வாங்க. ஒன்றும் சொல்ல வேண்டாம், காலித் தம்ளரை மட்டும் காட்டுங்க. குடிக்கவில்லை என்றால், மருந்து கொடுக்கிற ஜன்னலைத் தாண்டி அந்தப் பக்கம் இன்னொரு வாசல் இருக்கிறது. அப்படியே பஸ் ஏறிப் போயிருங்க ஐயா. தூக்கு உங்களிடமே இருக்கட்டும். நான் இங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன், இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு.